விழிஞ்ஞம் பஸ்ஸும் நான் அழித்த வரிகளும்

போன வருடம், மழைக்காலம் தொடங்கியிருந்த சமயம். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையை ஒட்டிய ஒரு ஹோட்டலில் வெப் டெவலப்பர்களின் மாநாடு. அதில் கொஞ்ச நேரம் பேச என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்த இடம் திருவனந்தபுரம் ஆரியசாலை. மகள் பிறந்ததும் வேலையை விட்டவள், பல வருடங்களாக வீட்டோடுதான் இருந்தேன்.

வேலையை விட்டேனே தவிர கணினியை விடவில்லை. மகள் பள்ளியிலிருந்து வரும்வரை மத்தியானம் முழுவதும் என்னுடையது. புதிது புதிதாக வரும் வெப் தொழில்நுட்பங்களுக்குள் இஷ்டத்துக்கு அலைவேன். ஒன்றைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று. வெளியே மழை பெய்யும், சந்தில் லாரியிலிருந்து மூட்டை இறக்குவார்கள், எதுவும் காதில் ஏறாது. குழம்பு அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் இந்த உலகத்துக்குத் திரும்புவேன். எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால், இன்றைக்கு என்ன புதுசாகப் படித்தாய் என்றுதான் என் கணவர் கேட்பார்.

அப்படி அலைந்தபோது கற்றுக்கொண்ட ஒன்றை வைத்து ஒரு பக்கம் செய்திருந்தேன். எங்கள் ஊர் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் பஸ்களின் நேரத்தைக் காட்டும் பக்கம். ஒருமுறை திறந்துவிட்டால் அது போனுக்குள்ளேயே தன்னைப் பத்திரப்படுத்திக்கொள்ளும். பிறகு நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். மாநாட்டில் பேசப்போவது அதைப் பற்றித்தான். நன்றாகப் பேசிவிட்டால் மறுபடி வேலை தேடுவது, சொதப்பினால் லேப்டாப்பை மூடி மகளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தை வடிவமைக்கும்போது, உண்மையான வாசகம் கைக்கு வரும்வரை எதையாவது போட்டு இடத்தை நிரப்பி வைப்போம். பெரும்பாலானவர்கள் அர்த்தமில்லாத லத்தீன் வரிகளை ஒட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கீழே இருந்த அறிவிப்புப் பெட்டியில் அந்தந்த நேரம் மனதில் ஓடியதைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், ‘இன்றைக்கும் குழம்பு போச்சு.’ இன்னொன்றில், ‘இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவளை எந்தப் புண்ணியவான் மேடைக்குக் கூப்பிட்டான்?’ விழிஞ்ஞத்துக்குக் கீழே, ‘ரொம்பப் பயமாக இருக்கிறது. தெரிந்த முகம் ஒன்று முன்னால் உட்கார்ந்திருந்தால் தேவலை.’

மாநாட்டன்று காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்த வரிகள் ஞாபகம் வந்தன. முந்தின நாளே மாநாட்டு வாட்ஸாப் குழுவில் பக்கத்தின் முகவரியைப் போட்டுவிட்டார்கள். மடியிலேயே லேப்டாப்பைத் திறந்து எல்லா வரிகளையும் அழித்து, புதிய பக்கத்தை ஏற்றினேன். அப்பாடா என்றிருந்தது. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. தென்னைகளும் வீடுகளும் கரைந்து கரைந்து போயின. துறைமுகத்துக் கிரேன்கள் கடல் மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றன. நான் பஸ்ஸில் போகிறேனா, மத்தியானக் கனவு ஒன்றில் போகிறேனா என்றே தெரியவில்லை.

என் பேச்சு தொடங்கும் நேரம். அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தது, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நான் மைக்கைச் சரிசெய்யும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பையையும் ஈரக் குடையையும் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பின்னால் ஸ்க்ரீன் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டுத் தடுமாறி ஆரம்பித்து ஒருவழியாகப் பேச்சு ஓட்டம் பிடித்தது. கடைசியில், போனில் நெட்டை அணைத்துவிட்டு என் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தது. ஆங்காங்கே கைதட்டினார்கள். அப்போது நடுவரிசையிலிருந்து ஒருவர் போனை உயர்த்திக் காட்டினார்.

“சேச்சி, இதில் தமிழில் எந்தோ எழுதியிட்டுண்டல்லோ. எந்தாணது?”

தமிழில் என்னவோ எழுதியிருக்கிறதே, என்ன அது என்று கேட்டார். முந்தின நாள் திறந்தவர்களின் போனில் பழைய பக்கம் அல்லவா பத்திரமாக இருக்கும்! அதைத்தானே இவ்வளவு நேரமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது இதுதான். அங்கிருந்தவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் வாய்விட்டு வாசித்தால் அத்தனை பேருக்கும் புரியும். ‘அது வந்து...’ என்று இழுத்தேன்.

முன்வரிசைப் பெண் நிதானமாகத் திரும்பினாள். “மழயத்து பஸ் கொறச்சு வைகும், காத்து நிக்கணும் என்னாணு,” என்றாள். மழையில் பஸ் கொஞ்சம் தாமதமாக வரும், காத்திருக்கவும் என்று எழுதியிருக்கிறதாம்! கேட்டவர், “அது சத்யமாணு” என்று ஒப்புக்கொண்டார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொன்ன விதம் எனக்கே ஆச்சரியம்.

தேநீர் இடைவேளையில் அவளைத் தேடிப் போனேன்.

“நான் தமிழ்நாட்டு பார்டர்க்காரி, பாறசாலை. ஸ்கூல்ல தமிழ்தான் படிச்சேன்,” என்றாள். “நேத்தே எல்லாத்தையும் வாசிச்சிட்டேன், கேட்டோ. தெரிஞ்ச முகம் வேணும்னு எழுதியிருந்தீங்கல்லா? எனக்கு உங்களைத் தெரியாது. ஆனா அதை வாசிச்ச பிறகு தெரியாதவங்கன்னு இருக்க முடியல. அதான் முன்னாடி வந்தேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் உடனே பேச்சை மாற்றினாள். “பின்ன, குழம்பு அடிப்பிடிச்சா சுரண்டாதீங்க. மேலாப்ல எடுத்து வேற பாத்திரத்துல மாத்திருங்க.”

இரண்டு பேரும் சிரித்தபடி ஜன்னலருகே நின்று தேநீர் குடித்தோம். வெளியே கடலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. அடுத்த பேச்சுக்குக் கூப்பிட்டார்கள், அவள் போய்விட்டாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நான் வேலை தேட ஆரம்பித்துவிட்டேன், இப்போது ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன்.

என் பயத்தை அடுத்தவர் வாசித்துவிட்டால் மானம் போய்விடும் என்றுதான் அன்று பஸ்ஸில் அப்படிப் பதறி அழித்தேன். நான் அழிப்பதற்கு முன்பே அந்த வரியை வாசித்துவிட்டு ஒருத்தி இடம் மாறி வந்து உட்கார்ந்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், அழித்த வேகத்துக்காக வெட்கப்படுகிறேன், எழுதியதற்காக இல்லை.