பானியும் பாணியும்

அப்பா விஷயத்தில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான்: பக்கத்து வீட்டுச் சேட்டன். மலையாளி. ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் தலையில் முடி என்னைவிட அதிகம். என் பொறாமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா பிறந்தது இலங்கை மலைத்தோட்டத்தில். அங்கிருந்து கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினார். சுனாமிக்குப் பிறகு, வேறொரு தீவில் பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டார். சில வருஷங்கள் கழித்து ஈரலில் புற்றுநோய். “இனி வைத்தியத்துக்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார் டாக்டர். ஆபீசுக்கு லீவு போட்டேன். நான் ஒரே மகன். கடைசியாக அவர் வாயில் படுவது என் கையால் தந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

முதல் நாளே வீம்பு கட்டிலிலிருந்து விழப் பார்த்தது, அப்பாவையும் சேர்த்துக்கொண்டு. புண் வராமல் இருக்க அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க முயன்றேன். அவர் போட்ட சத்தத்தில் சேட்டன் வேலி தாண்டி வந்தார். ஒரு போர்வையை நாலாக மடித்து அப்பாவின் முதுகுக்கடியில் செருகினார்.

“அச்சா, இடது பக்கம் திருப்பறேன். மெதுவா.”

தன் அப்பாவைக் கூப்பிடுவதுபோல ‘அச்சா’ என்று கூப்பிட்டு, சொல்லிவிட்டுத்தான் தொட்டார். தோசை புரட்டுவதுபோல அப்பா திரும்பினார், கத்தவில்லை. கொட்டாவி விட்டார்.

அதிலிருந்து காலையும் மாலையும் சேட்டன் வந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பார், குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவுவார், ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அப்பா முகம் மலரும். என் செருப்புச் சத்தம் கேட்டால், “அவரு வரலியா?”

நான் அடுத்த அறையில் தலையணையை அப்பாவாக நினைத்துப் புரட்டிப் பழகினேன். மனைவி பார்த்துவிட்டாள்.

“தலைகாணி கத்தலியே. நல்லாத்தான் பண்றீங்க.”

பிறகு அப்பா சாப்பாட்டை நிறுத்தினார். ஒரு மத்தியானம் உதடு அசைந்தது. “பாணி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் கேட்கிறார்! டம்ளரும் ஸ்பூனுமாக ஓடினேன். வாயை இறுக மூடிக்கொண்டார். வெந்நீர் கொண்டுபோனேன், மூடிக்கொண்டார். இளநீர், அதற்கும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் மறுபடியும், “பாணி.”

எல்லோருக்கும் இந்தி பொதுவாக இருக்கும் இந்தத் தீவுகளில் வளர்ந்தவனுக்கு வாயில் முதலில் வருவது இந்திதான். பானி என்றால் தண்ணீர், வேறென்ன? தண்ணீர் கேட்டுவிட்டு என் கையால் வேண்டாம் என்கிறாரே என்று குமைந்தேன். இதே ஸ்பூன் சேட்டன் கையில் இருந்தால் குடிப்பார் பார் என்று மனைவியிடம் பொருமினேன்.

சாயங்காலம் சேட்டன் கொடுத்தபோதும் வாய் திறக்கவில்லை. எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அது இரண்டு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. சேட்டன் குனிந்து அப்பாவின் வாயருகே காது வைத்தார்.

“சாரே, இது பீனேகா பானி இல்ல, குடிக்கிற தண்ணி இல்ல. எங்க நாட்டுல சர்க்கரப்பானின்னு சொல்லுவோம், வெல்லம் காய்ச்சினது. அச்சா, மதுரமா?”

அப்பா கண்ணை மூடித் திறந்தார். ஆமாம்.

எனக்குச் சுரீரென்றது. சின்ன வயதில் கச்சாலில் அம்மா ரொட்டிமேல் ஊற்றித் தருவாளே, அந்த வெல்லப்பாகு. இலங்கை மலைநாட்டில் அதற்குப் பெயரே பாணி. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று வறண்ட நாக்கிடம் கேட்க முடியுமா? ஆனாலும் என் அப்பாவின் பேச்சை எனக்கு ஒரு மலையாளி அர்த்தம் சொல்லித் தரவேண்டியிருந்தது.

“அவருக்கு சுகர் இருக்கு” என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

“இனி எதுக்கு சாரே கன்ட்ரோல்?”

அடுப்பில் நான் வைத்த வெல்லம் கருகியது. சேட்டன் பாத்திரத்தை மாற்றி, இரண்டாவது முறை தானே காய்ச்சினார். ஆறியதும் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “ஊத்தவேண்டாம், புரையேறும். உதட்டுல தொட்டு வைங்க.”

அப்பாவின் தலையை உயர்த்தினேன். “அப்பா, பாணி வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு விரலால் தொட்டு வைத்தேன். நாக்கு வந்தது, எடுத்துக்கொண்டது. மறுபடியும் வந்தது.

“யாரு காச்சுனது?”

“நான்தான்ப்பா” என்றேன், கூசாமல்.

வாசலில் நின்ற சேட்டன், “ஆமா அச்சா, மோன்தான்” என்றார். நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாரே என்று அப்போதும் எரிந்தது.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “நீ காச்சியிருந்தா தீஞ்சிருக்கும்டா.”

பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் தூக்கத்திலேயே போனார்.

காரியமெல்லாம் முடிந்தபின் சேட்டன் வந்து படியில் உட்கார்ந்தார்.

“கடைசி வார்த்தய உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரு. என்கிட்ட ஒண்ணும் பறயல.”

வார்டில் எத்தனையோ பேரை வழியனுப்பிய மனிதர். குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா, அதிலேயே ஊறிக் கிடந்தவனல்லவா. ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஆமா சேட்டா, என்கிட்டதான் சொன்னாரு” என்றேன், அவருக்குச் சாயா ஊற்றிக்கொண்டே.