பைட்டர் மீனுக்கு வெந்நீர் வைத்த வீடு

ஹட்டனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவனுக்கு, மீன் விற்கிற நேரத்தைவிட விற்ற மீனுக்கு வைத்தியம் சொல்கிற நேரம்தான் அதிகம். அதிலும் பைட்டர் மீன் வாங்கியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கடையை விட்டுப் போவதே இல்லை. போனாலும் ஜாம் போத்தலும் கையுமாகத் திரும்பி வந்துவிடுவார்கள். வெயில் ஊரில் பிறந்த மீனை, ஸ்வெட்டர் இல்லாமல் நாமே நடமாட முடியாத ஊருக்குக் கொண்டுவந்து வளர்த்தால் அதன் வாலும் செட்டையும் அழுகாமல் என்ன செய்யும்? பைட்டர் வளர்த்து நொந்துபோனவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீங்கள் தனியாக நோகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பளிக்குள் ஒரு போத்தல்

நல்ல மழை நாளொன்றில் பரமேஸ்வரி கடைக்குள் வந்தார். டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். தலையெல்லாம் நனைந்திருக்க, நெஞ்சோடு அணைத்திருந்த கம்பளித் துண்டு மட்டும் காய்ந்திருந்தது. அதைப் பிரித்தால் போத்தல், போத்தலுக்குள் நீல நிறப் பைட்டர். வாலில் பாதியைக் காணோம். மிச்சமிருந்த ஓரம் வெளுத்து, நைந்த துணியாகத் தொங்கியது. செட்டை அழுகல்தான், சந்தேகமே இல்லை. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். லயத்து வீட்டுக்குப் பக்கத்தில், மலையிலிருந்து பீலிக் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீர் என்றார். சுத்தத்தில் குறை சொல்ல முடியாத தண்ணீர்தான். ஆனால் அதில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகும். மீனுக்கு மட்டும் விறைக்காதா?

இந்த மீன் தேறுவது கஷ்டம், வேறொன்று எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் நகரவில்லை. கணவர் மாரிமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து இடுப்பில் அடிபட்டவர். ஆஸ்பத்திரியில் எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று சொல்லியும் மனிதர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கொழும்பில் வேலை செய்யும் மகள்தான் அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று இந்தப் பைட்டரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பரமேஸ்வரி போத்தலை மறுபடி கம்பளியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நாங்க எல்லாம் சேந்து தூக்கினாலும் எந்திரிக்காத மனுசன், இதுக்குத் தீனி போடத்தாண்ணே எந்திரிச்சு ஒக்காருறாரு. இது போயிருச்சுன்னா அவரும் மறுபடி படுத்துருவாரு."

எங்கள் இலை

அதற்குப் பிறகு எப்படி வேறு மீனை விற்பது? தெரிந்த வைத்தியத்தை எல்லாம் சொல்லி அனுப்பினேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். புதுத் தண்ணீர், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருக்க வேண்டும். கல் உப்பு துளி போட வேண்டும். காய்ந்த கொட்டம்பா இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, ஒன்று போட்டால் இன்னும் நல்லது. ஆனால் அந்த மரம் நம் குளிருக்கு வராது, கீழே கடற்கரைப் பக்கம்தான். என் கடையிலும் இலை தீர்ந்து போயிருந்தது. அது ஊறினால் தண்ணீர், பால் ஊற்றாத தேநீரைப் போலச் சாயத்தண்ணி நிறத்துக்கு வரும், புண்ணுக்கு இதம் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சில நாளில் பரமேஸ்வரியின் போன் வந்தது. தண்ணீர் அருமையாகச் சாயத்தண்ணி நிறத்தில் இருக்கிறதாம், மீன்தான் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறதாம். கொட்டம்பா இலை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கிடைக்கவில்லை, வீட்டிலிருந்த தேயிலைத் தூளை வீட்டுக்காரர் போடச் சொன்னார், போட்டோம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் போன் கட்டிலுக்குப் போய்விட்டது. மாரிமுத்துவின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவரின் குரலாக அது இல்லை: "நம்ம கொழுந்துலதாங்க நாங்க மூணு தலைமொறையா சோறு திங்கிறோம். அதைவிட நல்ல எலை கடக்கரையில மொளைக்குதுன்னா, அதை நான் கண்ணால பாக்கணும்."

நேர்ந்தது நேர்ந்ததுதான்

அந்த நேரத்தில்தான் கந்தப்பளையில் புடவைக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் சிவப்புப் பைட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வால் முழுக்கக் கிழிந்துவிட்டது, அழுகல் முற்றிவிட்டது என்று கண் கலங்கினார். பார்த்தேன். அது கிரவுன்டெயில் வகை. வால் நார் நாராகப் பிரிந்திருப்பதுதான் அதற்கு அழகே. நோய் என்றால் ஓரம் வெளுத்துக் கரையும், இதில் நுனி வரை சிவப்புப் பளபளக்கிறது என்று காட்டினேன்.

மனிதர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். யோசனையில் நின்றார். மீன் பிழைத்தால் குடும்பத்தோடு கதிர்காமம் வருவதாக நேர்ந்துகொண்டாராம். நோயே இல்லாத மீனுக்கு நேர்த்தி எதற்கு, விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நானே போத்தலுக்குள் குதித்திருப்பேன். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "மீனுக்கு நோய் இல்லன்னு உங்களுக்கு இப்பதான் தெரியும், நான் கேட்டப்பவே முருகனுக்குத் தெரிஞ்சிருக்கும். நேந்தது நேந்ததுதாங்க, போய்ட்டு வந்துர்றேன்."

மெதுவாகப் போன பஸ்

கதிர்காமம் போனவரிடம் வரும் வழியில் கொட்டம்பா இலை பொறுக்கி வரச் சொல்லியிருந்தேன். ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பரமேஸ்வரிக்குப் போன் செய்தேன். இலையை வாங்க வருபவர் மீனையும் எதற்குக் கொண்டுவர வேண்டும்? நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். டயகம பஸ்ஸில் கூட்டத்துக்குள் கம்பளியும் போத்தலுமாக அவர் நின்றதைச் சிங்கள டிரைவர் பார்த்து, என்னவென்று கேட்டிருக்கிறார். தெரிந்த சிங்களத்தில் இவர் கதையைச் சொல்ல, டிரைவர் தனக்குப் பக்கத்தில் இன்ஜின் சூடு படும் இடத்தில் இவரை உட்கார வைத்தாராம். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தாராம். வேலைக்குப் போகிறவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டதற்கு அவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறார். மெதுவாகப் போவோம், நோயாளி இருக்கிறார் என்று அர்த்தம்: "ஹெமின் யமு, லெடெக் இன்னவா."

வெந்நீர் யார் வைப்பது

போத்தலைப் பார்த்தேன். தேயிலைச் சாயம் போய்த் தண்ணீர் தெளிந்திருந்தது. அழுகல் நின்றிருந்தது, ஆனால் வால் வளரவில்லை. பகலில் தண்ணீர் ஆறிப்போவதுதான் காரணம். போத்தலை ஒரு சட்டியில் நிறுத்தி, சுற்றிலும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அது ஆற ஆற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். பரமேஸ்வரியின் முகம் விழுந்துவிட்டது. விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவர், மலையை விட்டு இறங்க மாலையாகும். அதுவரை அடுப்படியில் நிற்க வீட்டில் ஆள் கிடையாது, கட்டிலில் கிடப்பவரைத் தவிர. இலையை வாங்கி, போத்தலைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போனார். அவரை அப்படி அனுப்பியது எனக்கே கஷ்டமாக இருந்தது. மீன் இனிப் பிழைக்காது என்றுதான் நினைத்தேன்.

பிறகு போனும் இல்லை, ஆளும் இல்லை. கேட்கப் பயந்து நானும் போன் செய்யவில்லை. பனி விலகிய ஒரு காலையில், ஒல்லியான மனிதர் ஒருவர் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைத் தடியை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார். நெஞ்சோடு ஒரு கம்பளித் துண்டு. அந்தக் கம்பளியை எனக்குத் தெரியும். போத்தலை மேசையில் வைத்தார். நீல வாலின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய புதுச் செட்டை விரிந்திருந்தது. மீனை விட்டுவிட்டு, எழுந்து நடக்கிறீர்களா என்று கேட்டேன். மாரிமுத்து தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இதிலென்ன கேள்வி என்பதைப் போலச் சொன்னார்: "வீட்டுக்காரி பெரட்டுக்குப் போயிருது. வெந்நி ஆறிப்போச்சுன்னா இவன் ஓரமா ஒதுங்கி என்னையவே பாக்குறான். நான் எந்திரிக்காம வேற யாருங்க எந்திரிக்கிறது?"

உங்கள் பைட்டருக்கும் வால் கரைந்தால் தயங்காமல் கொண்டு வாருங்கள், வைத்தியம் சொல்வேன், ஆனால் குணமாகப் போவது வீட்டில் யார் என்பதற்கு மட்டும் கடை பொறுப்பில்லை.