இரண்டாவது டூர் கேசட்

ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிற மனுஷர் அவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்பினால் பல் செட் செய்து கொடுக்கிறவர். கிளினிக்குக்குப் பின்னால் ஒரு நீள அறை. அதில் வெள்ளைப் பொடி படிந்த மேஜை, ரோஸ் நிற மெழுகு, சின்ன ஸ்பிரிட் விளக்கு, அலமாரி முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பிளாஸ்டர் தாடைகள். அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு முடியளவு உயர்ந்துவிட்ட கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். கை பல்லில், காது டிரம்ஸில். இப்படியே தலை நரைத்துவிட்டது.

அவர் பெரியவர் பைத்தியம். பெரியவர் என்பது அந்த கிட்டார்காரருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். பெரியவர் நாலு தடவை பெரிய டூர் போயிருக்கிறார். ஒவ்வொரு டூருக்கும் ஒரு புது டிரம்மர். பெரியவர் விரலைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது இல்லையா? அதனால் ரசிகர்களின் சண்டையெல்லாம் பின்னால் உட்கார்ந்து அடித்தவர் தலையில்தான் விடியும். முதல் டூர்க்காரர் சிங்கம். மூன்றாவது டூர்க்காரர் தாளம் தப்பாத கல்தூண். நாலாவது டூர்க்காரர் ஸ்டைல் மன்னன், சுத்தம் கொஞ்சம் கம்மி. இரண்டாவது டூர்க்காரர்? அவரைப் பற்றிச் சொல்ல நம்ம பல்செட்காரரை விட்டால் ஆள் கிடையாது.

ஏனென்றால் இரண்டாவது டூருக்கு முறையான ரெக்கார்டே வெளிவரவில்லை. அந்த டூரில் இருக்கிற ஒரே ஒலிப்பதிவு, கல்யாணமான புதிதில் இவர் கச்சேரிக்குத் திருட்டுத்தனமாக டேப் ரெக்கார்டர் கொண்டுபோய் எடுத்த கேசட். அது கை மாறிக் கை மாறி, பிற்பாடு போனிலும் ஏறி, ரசிகர் கூட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கேசட்காரர் சொன்னால் அப்பீல் ஏது? கூட்டத்தில் அவருக்கு 'ஜட்ஜ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை. மறுப்பாரா? உள்ளுக்குள்ளே அவ்வளவு குளுகுளுப்பு!

ஜட்ஜ் கொடுத்த தீர்ப்பு இதுதான்: "ஆரம்பத்துல ஒழுங்கா வாசிக்கிறான். போகப்போக ஓட ஆரம்பிச்சுடுறான். கடைசிப் பாட்டுல பெரியவரையே இழுத்துக்கிட்டு ஓடுறான். டிரம்மரா அவன், எக்ஸ்பிரஸ் ரயிலு!"

அன்றிலிருந்து அந்த ஆளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்தக் கேசட்டில் போகப்போக கிட்டாரின் சுருதியும் ஏறியிருந்தது. அதற்கும் ஜட்ஜ் விளக்கம் வைத்திருந்தார். டிரம்மர் ஓடுகிற எரிச்சலில் பெரியவர் பாட்டுக்குப் பாட்டு தந்தியை முறுக்கியிருக்கிறாராம். கேட்டவர்கள் "அடேங்கப்பா, என்ன காதுய்யா உங்களுக்கு!" என்று வாயைப் பிளந்தார்கள்.

கேசட்டின் கடைசியில் ஒரு வேடிக்கையும் உண்டு. கைதட்டல் ஓய்கிற நேரத்தில் ஒரு சின்னப் பெண் கீச்சுக் குரலில் படபடவென்று ஏதோ சொல்லும், "பசிக்குது, போலாமா?" என்பது மட்டும் பிடிபடும். உடனே ஒரு பையன் அதை அதட்டுவான், என்ன வார்த்தை என்று புரியாது. யாரோ அண்ணனும் தங்கச்சியும் பக்கத்து வரிசையில் இருந்திருக்க வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். ரசிகர்களுக்கு அந்தப் பாப்பா மேல் ஒரே செல்லம். கூட்டம் முடிந்தாலே யாராவது ஒருத்தர், "பசிக்குது, போலாமா?" என்று கீச்சிடுவார், எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பெரியவர் கடைசிக் கச்சேரியை இந்த ஊரிலேயே வைத்துக்கொள்வதாக அறிவித்தார். கடைசிப் பாட்டுக்குப் பழைய டிரம்மர் ஒருத்தர் மேடையேற வேண்டும், யாரென்று ரசிகர்களே சொல்லட்டும் என்பது அவர் ஆசை. கச்சேரி ஏற்பாட்டாளர் ஜட்ஜுக்கே போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பேரைச் சொல்லிடுங்க சார். அன்னைக்கே போஸ்டர் அச்சுக்குப் போகுது."

ஞாயிற்றுக்கிழமை ஜட்ஜ் வீட்டு முன்னறையில் கூட்டம். நாற்காலி போதாமல் சிலர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார்கள். நாலு டூரையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு முடிவு செய்வதாகப் பேச்சு. ஆரம்பிக்கப் போகிற சமயத்தில், கூட்டத்தில் ஒருத்தரான பூக்கடைக்காரர், மெலிந்த வயசாளி ஒருத்தரைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, யாரு வந்திருக்கார் பாருங்க! என் மருமகளுக்கு கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிற மாஸ்டரு. நேத்துதான் தெரிஞ்சுது. இரண்டாவது டூர்ல வாசிச்சது இவர்தானாம்!"

டிரைவிங் மாஸ்டர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். "எக்ஸ்பிரஸ்னு பேரு வச்சிருக்கீங்களாமே?" என்று சிரித்தார். "இப்ப பாருங்க, நாள் முழுக்க 'மெதுவா, மெதுவா'ன்னு கத்துறதுதான் எனக்கு வேலை."

எல்லாரும் தேவைக்கு மேலேயே சிரித்தார்கள். ஜட்ஜுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதானே? கேசட்டைப் போட்டார். மாஸ்டர் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கேட்டார். கடைசிப் பாட்டில் டிரம்ஸ் தலைதெறிக்க ஓடியது.

"ஆமாங்க, ஓடித்தான் இருக்கேன்," என்றார் மாஸ்டர். "அன்னைக்கு மேடையில நல்லா வாசிச்சதாத்தான் நினைச்சேன். அப்புறம் யாரோ இந்த டேப்பைப் பெரியவர்கிட்ட போட்டுக் காட்டியிருக்காங்க. அவர் என்னைக் கூப்பிட்டு ஒண்ணும் திட்டல. 'கேட்டுப் பாரு'ன்னார், அவ்வளவுதான். அடுத்த டூருக்கு ஆள் மாறிடுச்சு. எனக்கும் என் கை மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு. நல்லா வாசிச்ச மாதிரி தோணும், ஆனா டேப்புல வேற மாதிரி இருக்கே! அப்புறம் எதை நம்புறது? விட்டுட்டேன்."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஜட்ஜின் மனைவி டீ டம்ளர்களோடு வந்தார். கேசட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கைதட்டல் ஓய்ந்தது. "பசிக்குது, போலாமா?" என்றது கீச்சுக் குரல்.

அந்த அம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு இந்த கிட்டார் சத்தமே ஆகாது. அதனால் ஜட்ஜ் எப்போதும் ஹெட்போனில்தான் கேட்பார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேசட் அந்த அம்மா காதில் விழுந்தது இதுதான் முதல் தடவை.

"ஏங்க, இது நான்தானே?"

"நீ எங்கேடி வந்தே இதுல?" என்றார் ஜட்ஜ்.

"நான்தாங்க! என் பையிலதானே டேப் ரெக்கார்டரை ஒளிச்சு வச்சிருந்தீங்க? இடம் பத்தலைன்னு பையில இருந்த பிஸ்கட்டைக்கூட எடுத்து வீட்டுலயே போட்டுட்டு வந்தீங்களே! எனக்கு அன்னைக்கு அப்படி ஒரு பசி. ஆனா இது ஏன் எலி கத்துற மாதிரி இருக்கு? என் குரல் இப்படியா இருக்கும்?"

பூக்கடைக்காரர் கொல்லென்று சிரித்தார். "அண்ணி, நீங்க அப்ப அவ்ளோ சின்னப் பொண்ணா?" அறையே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருத்தர்தான். ஜட்ஜ். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் புது பேட்டரி வாங்க நேரமில்லை. மங்கி மங்கி எரிந்துகொண்டிருந்த டார்ச்லைட்டிலிருந்து உருவித்தான் ரெக்கார்டரில் போட்டார். பேட்டரி சாகச்சாக டேப் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாமே ஓடத்தானே செய்யும்? டிரம்ஸும் ஓடும், சுருதியும் ஏறும், பெரிய மனுஷி குரலும் கீச்சிடும். ஓடியது அந்த ஆளில்லை. தன் டேப்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. கூட்டம் எதிரே இருக்கிறது, அந்த ஆளும் எதிரே இருக்கிறார். இவ்வளவு காலம் 'என்ன காதுய்யா' என்று சொன்ன வாய்களெல்லாம் எதிரே இருக்கின்றன. ஜட்ஜ் என்ன செய்தார் தெரியுமா?

"அது நீ இல்லை. ஏதோ ஒரு குழந்தை. போ, போய் வேலையைப் பாரு," என்றார்.

அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாஸ்டர் டீயைக் குடித்து முடித்து, "தூண் நல்லா வாசிப்பார். அவரையே போடுங்க," என்று தானே சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஜட்ஜ் ஏற்பாட்டாளருக்குப் போன் செய்து மூன்றாவது டூர்க்காரர் பெயரைச் சொன்னார். சொல்லும்போது தன் குரலே அவருக்கு அருவருப்பாக இருந்தது. த்தூ, மனுஷனா நீ என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி என்ன பிரயோஜனம்? போனை வைத்த பிறகுதானே திட்டினார்!

வீட்டில் அந்த அம்மா சாப்பாடு போட்டார், தண்ணீர் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலாம்.

மறுநாள் பட்டறைக்குப் போனதும் ஜட்ஜ் பல்லைத் தொடவில்லை. போனில் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்குகிற வசதி இருக்கிறது அல்லவா, அதைத் திறந்து வைத்துக்கொண்டார். முதல் டூர் ரெக்கார்டில் அதே பாட்டின் சுருதி எங்கே நிற்கிறதோ, அங்கே வருகிற வரை கேசட்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். முடியளவு தேய்த்துத் தேய்த்துப் பழகிய கைதானே, அந்தப் பொறுமை அதற்கு உண்டு. கடைசிப் பாட்டு சரியான சுருதிக்கு வந்து உட்கார்ந்ததும் டிரம்ஸைக் கேட்டார்.

ஆடவில்லை, அசையவில்லை. பெரியவர் கிட்டார் எங்கெங்கோ சுற்றிவிட்டு வருகிறது, அந்தக் கை அதே இடத்தில் காத்திருந்து வாங்கிக்கொள்கிறது. சிங்கமாவது, தூணாவது! நாலு பேரில் இவர்தான் ஒசத்தி. ஜட்ஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசிப் பாட்டைப் போலவே கேசட்டின் மிச்சத்தையும் இறக்கிச் சேமித்தார். பாட்டு முடிந்த பிறகு இருப்பதை உட்கார்ந்து கேட்க அவருக்குத் தெம்பில்லை. எழுந்து புறப்பட்டுவிட்டார்.

டிரைவிங் ஸ்கூல் வாசலில், கூரையில் போர்டு வைத்த ஒரு சின்னக் கார். மாஸ்டர் அடுத்துக் கற்றுக்கொள்ள வரும் ஆளுக்காகக் காத்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜட்ஜ் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கால் வைக்கிற இடத்தில், கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது. அதில் ஷூ பட்டுவிடாமல் காலை மடக்கிக்கொண்டார்.

"பேட்டரி தேஞ்சு போச்சுங்க," என்றார் எடுத்த எடுப்பில். "தப்பு உங்க மேல இல்லை. என் பேட்டரி. நேத்தே தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் இருந்தாங்க... வாய் வரலை."

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜட்ஜ் போனைக் காரின் முன்பலகையில் சாய்த்து வைத்துக் கடைசிப் பாட்டைப் போட்டார்.

கொஞ்ச நேரம் மாஸ்டர் சும்மா கேட்டார். பிறகு ஸ்டியரிங் விளிம்பில் அவர் விரல்கள் தாமாகத் தட்ட ஆரம்பித்தன. டேப்பில் விழுகிற ஒவ்வொரு அடியும் விரலில் விழுந்தது. ஒரு இடத்தில் கிட்டார் நின்று, டிரம்ஸ் தனியாகப் போகும். அங்கே அவர் விரல் டேப்புக்கு முன்பே தெரிந்து வைத்திருந்த மாதிரிப் போயிற்று. அவர் கண் நிறைந்துவிட்டது. ஜட்ஜ் பக்கம் திரும்பவே இல்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. போனை அணைக்க ஜட்ஜுக்குக் கை போகவில்லை. காருக்குள் ஒரு பெண் குரல், வளர்ந்த பெண்ணின் களைத்த குரல், மெதுவாகக் கேட்டது:

"ரொம்பப் பசிக்குதுங்க. போலாமா?"

அதன் மேலேயே ஒரு ஆம்பளைக் குரல் சீறியது: "ச்சீ, சும்மா இரு! டேப்புல விழுந்துடும்."

அண்ணனும் இல்லை, தங்கச்சியும் இல்லை. ஜட்ஜுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் அனுப்புங்க," என்றார். "முழுசா அனுப்புங்க. கடைசியை வெட்டக் கூடாது."

ஜட்ஜ் அங்கேயே கூட்டத்துக்கு அனுப்பினார். 'இரண்டாவது டூர்க்காரர் ஓடவில்லை. என் பேட்டரி தேய்ந்திருந்தது. கடைசியில் பசிக்குது என்று சொல்வது என் சம்சாரம். அதட்டுவது நான்' என்று கீழே எழுதினார். பிறகு ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டார்.

"என்ன சார் நீங்க!" என்ற குரல் கார் முழுக்கக் கேட்டது. "போஸ்டர் அடிச்சு ஒட்டியாச்சு, அவருக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. நேத்து சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா பேரையே மாத்தியிருப்பேனே!"

"மன்னிச்சுடுங்க," என்றார் ஜட்ஜ். போனில் இருந்தவருக்கா, பக்கத்தில் இருந்தவருக்கா என்று சொல்லத் தெரியாத குரலில்.

மாஸ்டர் கண்ணாடியைச் சரி செய்தார். தூரத்தில் அடுத்த ஆள் வந்துகொண்டிருந்தாள். ஜட்ஜ் கதவில் கை வைத்தபோது மாஸ்டர் கேட்டார்.

"அன்னைக்கு அப்புறமாவது அவங்க சாப்பிட்டாங்களா?"

ஜட்ஜ் யோசித்துப் பார்த்தார். அன்றைக்குப் பெரியவர் எந்தப் பாட்டில் ஆரம்பித்தார், எங்கே தந்தி அறுந்தது, எங்கே மாற்றினார் எல்லாம் ஞாபகம் இருந்தது. கச்சேரி முடிந்து வெளியே வந்து, கேசட்டைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்திக்கொண்டே நடந்ததும் ஞாபகம் இருந்தது. பக்கத்தில் அவள் நடந்து வந்திருக்க வேண்டும்.

"தெரியலைங்க," என்றார்.