லஸ்ஸிலிருந்து அங்கன்வாடிக்கு நாலரை கிலோமீட்டர்

எல்லாரும் ஊட்டி, மூணாறு என்று எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை. சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் சமைக்கும் தேவி, மே மாதம் அடையாற்றுக்குக் குடிபோனாள். புது இடத்து அங்கன்வாடியில் அவளுடைய மூன்று வயது மகள் யாழினிக்கு ஜூனில் முதன்முதலாக எடை பார்க்க இருந்தார்கள். முந்தின நாள் தேவிக்குக் கை ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தரம் உப்பு. "தனியா போக பயமா கீதுக்கா, நீயும் வாயேன்" என்றாள்.

மயிலாப்பூர் லஸ் முனையில் 8.40க்குப் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் என்பதால் செலவு பூஜ்யம். அடையாற்றுப் பாலத்தில் வழக்கமான நெரிசல். 9.15க்கு அடையாறு சிக்னலில் இறங்கி, சந்துக்குள் ஆறு நிமிடம் நடந்தேன்.

அங்கன்வாடி வாசலில், அந்த வெயிலில், யாழினி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவுன் போட்டுக்கொண்டு நின்றாள். காலில் கனத்த கொலுசு. வயிறு முட்டத் தண்ணீர் வேறு குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள் தேவி.

"என்ன தேவி, இன்னைக்குத் தீபாவளியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எடை கம்மியா இருந்தா, பெத்தவ சோறு போடலன்னு எழுதிக்குவாங்களாம்க்கா. பக்கத்து வூட்டுல சொன்னாங்க."

டீச்சர் குழந்தையைத் தூக்கி எடைமெஷினில் நிறுத்தினார். டங்கென்று ஒரு சத்தம். கவுன் பாக்கெட்டுக்குள் கையை விட்டு அவர் எடுத்தது, தேவியின் வீட்டுப் பூட்டு.

"அப்போ வீடு?" என்று அசடுபோலக் கேட்டேன்.

"தொறந்துதான் கீது. எடுத்துக்கினு போறதுக்கு அங்க இன்னா கீது?"

டீச்சர் கோபப்படவில்லை. "எடை பாக்குறது உன்னைத் திட்டறதுக்கு இல்லம்மா. கொறைஞ்ச புள்ளைக்குத்தான் கூடுதலா சத்துமாவு, டாக்டர் எல்லாம். நீ பூட்டைப் போட்டு ஏத்துனா, இவளுக்கு வரவேண்டியது எப்படி வரும்?"

தேவி குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவளே கொலுசைக் கழற்றினாள், மேல் கவுனையும் கழற்றினாள். பத்து கிலோ இருநூறு கிராம், வயதுக்குக் குறைவுதான். கூடுதல் சத்துமாவுப் பொட்டலங்களோடு கிளம்பினோம். அரசாங்கத் திட்டம் என்றாலே பலகையும் படமும்தான் என்று நக்கலடிப்பவள் நான். அன்று அந்தப் பொட்டலங்களை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஜூலையிலும் போனேன். மெஷினில் ஏற்றும் முன் தேவியே பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினாள்: "பாத்துக்க டீச்சர்." பத்து கிலோ அறுநூறு.

போகிறவர்களுக்கு: 9.30க்குள் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். கொலுசு வேண்டாம். பூட்டு, கதவிலேயே தொங்கட்டும்.