பேரரசன் சொன்ன 'பைய பாப்போம்'

நான் எழுதிய வசனத்துக்காக இன்னொருவர் வேலை இழந்தார். நான் பக்கத்து நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன். வசனத்துக்காக அல்ல. இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

தொண்ணூறுகளில் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்தினேன். ஓவிய ஆசிரியர் மேலப்பாளையத்துக்காரர், பல வருடமாகத் தற்காலிகம். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் ஜப்பானிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். உலக வரலாறு முழுக்கக் கேலி. எழுத்து புரியாவிட்டாலும் படம் போதும். இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு, பனியில் விழுந்து கிடந்த பிரெஞ்சுப் பேரரசன் எழுந்து நடந்து கடைசியில் முடி சூட்டிக்கொள்கிறான் என்று அவருக்கே விளக்கினேன்.

"சார், நீரு முடிவுல இருந்து ஆரம்பிச்சிருக்கீரு," என்றார். "ஜப்பான் புத்தகம், அரபி மாதிரி வலப்பக்கம் இருந்து வரணும். அரபி ஓதினவன் கையில குடுத்தா அது தானா அங்கன திரும்பும்வே."

நாமும் ஒன்று செய்வோம் என்றது அவர்தான். படம் அவருடையது, பேச்சு என்னுடையது. மாதம் ஒரு தாள், அறிவிப்புப் பலகையில். யார் பெயரும் போடவில்லை. எங்கள் பேரரசனின் படை சைக்கிளில் ருஷ்யாவுக்குப் போனது. எங்கள் ஊர் மில் சங்கு ஊதியதும் பாதிப் பேர் போரை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலகையை மொய்த்தார்கள். என் பாடத்துக்கு யாரும் அப்படி வந்ததில்லை.

பள்ளிச் செயலாளரிடம் எல்லாக் கோரிக்கைக்கும், மெதுவாகப் பார்க்கலாம் என்ற ஒரே பதில் உண்டு. கூரை ஒழுகுகிறது என்றாலும், ஓவிய ஆசிரியர் தன்னை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டாலும், "பைய பாப்போம்." நான்காவது தாளில், விறைத்துப்போன சிப்பாய் ஒருவன் கம்பளி கேட்கிறான். "பைய பாப்போம்லே," என்று பேரரசனைச் சொல்லவைத்தேன்.

மதியத்துக்குள் பள்ளி முழுக்க அதே பேச்சு.

"வீட்டுப்பாடம் எங்கலே?"

"பைய பாப்போம் சார்."

பலகைக்கு நான் பொறுப்பு என்பதால் செயலாளர் ஓவிய ஆசிரியரோடு என்னையும் கூப்பிட்டிருந்தார். தாள் மேசைமேல் கிடந்தது.

"படம் யாருதுன்னு தெரியுது. பேச்சு யாரு எழுதினது?"

ஓவிய ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நான் நிரந்தர ஆசிரியர். மிஞ்சிப்போனால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். தெரிந்தும் பேசவில்லை.

"நான்தான்," என்றார் அவர். மறுநாளிலிருந்து அவர் பள்ளியில் இல்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு வாய் வந்தது. செயலாளரிடம் போய், அந்தப் பேச்சு என்னுடையது, அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பைய பாப்போம்."

மேலப்பாளையத்தில் கடைப்பலகை எழுதிக்கொண்டிருந்த ஓவிய ஆசிரியரைத் தேடிப்போய் இதைச் சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப வசனம் சரியாத்தான்வே எழுதியிருக்கீரு."

"என்னைய மன்னிக்கணும்," என்றேன்.

அவர் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டார். இடமிருந்து முதலாவதில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்ததில் பாதி எழுந்திருக்கிறேன். மூன்றாவதில் நிற்கிறேன்.

"உம்ம பக்கம் இருந்து படிச்சா எந்திரிக்கீரு. எம் பக்கம் இருந்து படிச்சா உக்காருதீரு. கொண்டுபோம்."

அந்தத் தாளின் அடியில், 'பைய பாப்போம் என்று எழுதியவன் இவன்' எனக் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். சாயங்காலம் கிழித்தார்கள். நகல் எடுத்து வைத்திருந்தேன், காலையில் மறுபடியும் ஒட்டினேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'நான்தான்' என்று ஒரே சொல்லில் பதில் கொடுத்தேன்.

அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை.