தரையில் உட்காரும் வேலை

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், நடை பழகும் வாண்டுகளின் அறை பெரியம்மாவின் ராஜ்ஜியம். அறுபதைத் தொடப்போகிறவர். குழந்தைகள் கூப்பிட்ட பெயரே எல்லோருக்கும் நிலைத்துவிட்டது.

ஒருநாள் ஒரு தாய், காப்பகம் நடத்தும் மேடத்திடம் வந்து நின்றாள். “எம் பையன் எப்ப எழுந்தாலும் முட்டியப் பிடிச்சுக்கிட்டு ‘அம்மாடி’ங்கறான். டாக்டர் ஒண்ணுமில்லங்கறார். ரெண்டு வயசுல என்னங்க முட்டிவலி?”

மேடம் அறையை எட்டிப் பார்த்தார். பாட்டு முடிந்த நேரம். பெரியம்மா பொம்மை அலமாரியைப் பற்றி, முட்டியில் கை ஊன்றி, “அம்மாடி” என்று எழுந்தார். அறை மொத்தமும் முட்டியைப் பிடித்து “அம்மாடி” என்று எழுந்தது.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. “ஒரு அவசரம்னா நீங்க குழந்தைங்களத் தூக்குவீங்களா, இல்ல உங்கள நாங்க தூக்கணுமா? அடுத்த மாசத்துலேர்ந்து வாசல்ல நாற்காலியில உக்காந்து, வர்றவங்களப் பாத்துக்குங்க.”

“இந்த மாசம் முடியட்டும் மேடம். எதையும் பிடிக்காம எழுந்து காட்டறேன்.”

வாய் முந்திக்கொண்டுவிட்டது. நாற்காலி வேலை லேசானதுதான். ஆனால் நாற்காலியில் இருப்பவர் மடியில் எந்தக் குழந்தை தானாக வந்து விழும்?

மறுநாள், உருண்டை என்று எல்லோரும் கொஞ்சும் கடைக்குட்டி பந்தைத் துரத்தும் அவசரத்தில் எழுவதைப் பெரியம்மா கவனித்தார். புரண்டாள், கையும் முட்டியும் ஊன்றினாள், பாதங்களைப் பதித்துப் பின்புறத்தைத் தூக்கினாள், நின்றுவிட்டாள். அலமாரியும் இல்லை, அம்மாடியும் இல்லை.

மதியம் குழந்தைகள் தூங்கியதும் பெரியம்மாவும் புரண்டார். பாதி வழியில் மாட்டிக்கொண்டார். சமையல்காரப் பெண் கதவைத் திறந்தாள்.

“தலைகீழா நின்னு என்ன தேடறீங்க பெரியம்மா?”

“என் வேலையத்தான்டி. வந்து கை குடு.”

முதலில் முக்காலியைப் பிடித்து எழுந்தார். பிறகு அதைத் தள்ளி வைத்தார். வீட்டில் டிவி பார்க்கும்போதும் தரையில் உட்கார்ந்து, விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்தார். “சோப்பு விளம்பரத்துக்கெல்லாம் எழுந்து மரியாதை குடுக்கறியே” என்றார் கணவர். தொடை கெஞ்சிய நாட்களில் அவரே எண்ணெய் தேய்த்துவிட்டார்.

மாதக் கடைசியில் மேடம் வந்தார். பெரியம்மா புரண்டு, ஊன்றி, கொஞ்சம் ஆடி, நிமிர்ந்து நின்றார். மூச்சு வாங்கியது, ஆனால் “அம்மாடி” மட்டும் வரவில்லை.

பின்னால் அறை மொத்தமும் முட்டியைப் பிடித்து “அம்மாடி” என்று எழுந்தது.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நீங்க எழுந்துட்டீங்க. இவங்கள யார் மாத்தறது?”

“அதுக்கு நான் இங்கதானே உக்காரணும் மேடம்” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா மறுபடி தரையில் அமர்ந்தார். உருண்டை ஓடிவந்து மடியில் விழுந்தாள்.