எடுக்காத பொட்டலம்

வீடியோ கேம் எழுதும் வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், மதுரைத் தமுக்கம் பொருட்காட்சியிலிருந்து ஆரம்பிப்பேன். கேட்பவர்களுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஏனென்றால் அதில் நான் கெட்டிக்காரனாக வருவேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் என் தங்கச்சியுடையது என்பதை மட்டும் விட்டுவிடுவேன்.

எண்பதுகளின் முன்பாதி. சித்திரைத் திருவிழாவை ஒட்டி நடக்கும் பொருட்காட்சியில், டெல்லி அப்பளக் கடைக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை போட்டு நாலு வீடியோ கேம் பெட்டிகளை வைத்திருந்தார்கள். நான் ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தங்கச்சி என்னைவிட ஒரு வயது சின்னவள், ப்ளஸ் ஒன் முடித்திருந்தாள். காசைப் போட்டு ஆடியது நான்தான். மேலிருந்து விமானங்கள் ஈசல் மாதிரி இறங்கும், நாம் கீழே நின்று சுட வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று முறை செத்தேன். அவள் பெட்டியைத் தொடவே இல்லை. அடுத்தவர்கள் ஆடுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, இது யோசிக்கலண்ணே. ரெண்டு தடவை இடது பக்கம் வருது, ஒரு தடவை வலது பக்கம் வருது. திரும்பவும் அதேதான். எவனோ உக்காந்து எழுதி வச்சிருக்கான்."

அவள் சொன்ன கணக்குப்படி ஆடினேன். விமானம் வரும் முன்பே அந்த இடத்தில் போய் நின்று சுட்டேன். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். "மாப்ள, பின்னுறியே!" என்று முன்பின் தெரியாத ஒருவர் தோளில் தட்டினார். அவள் கூட்டத்துக்கு வெளியே டெல்லி அப்பளத்தைத் தின்றுகொண்டு சிரித்தாள். அன்றைக்கு அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

அந்த "எவனோ" என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டான். அவனாக ஆக வேண்டும். அதற்கு எந்தக் கல்லூரியில் என்ன படிக்க வேண்டும்? மதுரையில் யாரிடம் கேட்பது? பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஜப்பான்காரன் செய்யுறதுடா, நீ ஒழுங்கா பாலிடெக்னிக் போ" என்றார். எஞ்சினியரிங் போகும் அளவுக்கு எனக்கு மார்க் வராது என்று எனக்கே தெரியும். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரி. விண்ணப்பத்தை வாங்கி வந்து வீட்டில், "கம்ப்யூட்டர் படிச்சா பேங்க்ல வேலை" என்று ஒரே போடாகப் போட்டேன். விளையாட்டு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்து மின்வாரியத்தில் நான் உட்கார வேண்டும். ஆனால் அப்படி அடித்துச் சொல்லவும் அவருக்கு வராது. அவர் கோர்ட்டில் குமாஸ்தா. தல்லாகுளத்தில் வாடகை வீடு, நடந்தே ஆபீஸ் போய்விடுவார். நாளெல்லாம் யார் யாருக்கோ சொல்லப்பட்ட தீர்ப்புகளைத் தட்டச்சு செய்கிற மனிதர், சொந்த வீட்டில் ஒரு தீர்ப்பும் சொல்ல மாட்டார். எல்லாவற்றையும் திருவாதவூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் இருக்கும் எங்கள் குலசாமியிடம் கொண்டுபோய்விடுவார். பூக்கட்டிப் பார்ப்பது.

எங்கள் வகையறாவில் அதற்கு முறை உண்டு. வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரளி. ஒவ்வொன்றையும் வாழை இலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, சாமி காலடியில் போட வேண்டும். சாமியிடம் வாய்விட்டுக் கேட்பவர் பொட்டலத்தைத் தொடக்கூடாது. ஒருவர் கட்டுவார், இன்னொருவர் எடுப்பார். எடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் பதில். எடுக்காததைப் பிரிக்கவே கூடாது, அப்படியே கண்மாய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

வெள்ளை வந்தால் கம்ப்யூட்டர், சிவப்பு வந்தால் பாலிடெக்னிக் என்று அப்பா சாமியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டும் வேலை என்னிடம் வந்தது. கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு இலையிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். தங்கச்சி எடுத்தாள். வெள்ளை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்சப் பொட்டலத்தைக் கண்மாயில் விட்டுவரச் சொல்லி அவளையே அனுப்பினார்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பை அடக்கும் பாடு தெரிந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"சாமிக்கே அல்வா குடுத்துட்டியேண்ணே?"

"பிரிச்சியா?"

"பிரிக்காம விடுவாகளாக்கும். பயப்படாத, சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வருஷம் நானும் அங்கதான் வருவேன். எனக்கும் நீதான் பாத்துச் செய்யணும்."

"செஞ்சுருவோம்" என்றேன்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் மின்விசிறியே ஒன்றுதான் இருந்த எங்களுக்கு அந்த ஏ.சி. குளிரில் பல் கிட்டிக்கும். வாரத்துக்கு இருபது நிமிஷம், ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். அதனால் எதையும் முதலில் தாளில் எழுதித்தான் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறுகளில் வீட்டுத் தரையில் கட்டம் போட்ட நோட்டை விரித்து, நானும் தங்கச்சியும் ஒரு விளையாட்டை எழுத ஆரம்பித்தோம். கோரிப்பாளையத்தில் ஒரு மாடு ரோட்டைக் கடக்க வேண்டும், பஸ்கள் வரும். புளியங்கொட்டை மாடு, தீப்பெட்டி பஸ். நான் மாட்டை நகர்த்துவேன், அவள்தான் கம்ப்யூட்டர். நான் எழுதிய விதியை அப்படியே, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், செய்து காட்டுவாள். விதி முட்டாள்தனமாக இருந்தால் அவளும் முட்டாள்தனமாக பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவாள். "நீ எழுதுனதுதானண்ணே, எனக்கென்ன தெரியும், நான் மெஷினு" என்பாள். விழுந்து விழுந்து சிரிப்போம்.

நாலு வாரத்தில் அந்த விளையாட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது. பஸ் எப்போது வரும் என்பது மனப்பாடம் ஆகிவிட்டது. அப்போது அவள்தான் சொன்னாள்.

"பஸ்ஸு அதும்பாட்டுக்கு வந்தா என்ன இருக்கு? மாடு எங்க நிக்குதுன்னு பாத்து பஸ்ஸு வரணும்ணே. அப்பத்தான் பயம் வரும்."

அதை எப்படிச் செய்வது என்று ஏழே வரியில் எழுதியும் கொடுத்தாள். நான் அதைக் கம்ப்யூட்டர் அறையில் தட்டினேன். திரையில் ஒரு நட்சத்திரக் குறி மாடாக நின்றது. பஸ் அதைப் பார்த்துத் திரும்பி வந்தது. எங்கள் விரிவுரையாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த ஏழு வரி யாரோட யோசனை?"

"என்னோடது சார்."

யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலும் என்னை எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார். அந்த வருஷம் கணக்குத் தாளில் நான் அரியர் வைத்திருந்தேன். ஆனாலும் அந்த ஏழு வரியால் வகுப்பில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. வீட்டில் அவளிடம், "சார் நல்லாருக்குன்னாரு" என்று மட்டும் சொன்னேன். அவள், "என்னையப் பத்திச் சொன்னியா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன்.

அடுத்த கோடையில் அவளுக்கு ரிசல்ட் வந்தது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அதே வாரத்தில் திருவாதவூரிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. பம்ப்செட் வைத்த வயல், ஒரே பையன், குணமான குடும்பம், சீக்கிரம் பதில் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், தங்கச்சிக்குக் கல்லூரி போக வேண்டும். இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள், அப்பா காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம சாமிகிட்டக் கேட்ருவோம்" என்றார்.

தங்கச்சிக்குக் கவலையே இல்லை. விண்ணப்பத்தை நிரப்பி என் பையில் வைத்துவிட்டாள். கோயிலில் இறங்கும்போது என் கையைக் கிள்ளினாள்.

"வெள்ளைதான காலேஜு?"

"ஆமா."

"ரெண்டுலயும் வெள்ளை."

"நான் பாத்துக்குறேன் பிள்ள."

கோயிலுக்குப் பின்னால் அதே இடம். இரண்டு இலைத் துண்டுகள், ஒரு கை நந்தியாவட்டை, ஒரு கை செவ்வரளி. அவள் கல்லூரிக்கு வந்தால் அதே விரிவுரையாளர்தான் அவளுக்கும் பாடம் எடுப்பார். ஒரே வாரத்தில் அந்த ஏழு வரி யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவள் மார்க்கும் என் அரியரும் ஒரே பலகையில் தொங்கும். எல்லோரும் என்னை அவளுடைய அண்ணன் என்று சொல்வார்கள். சாமிக்குப் பயந்து முறையாக ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு கட்டினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. முறையாகக் கட்டியிருந்தால் பாதி வாய்ப்பாவது அவளுக்கு இருந்திருக்கும். அந்தப் பாதியும் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். மிஞ்சிய நந்தியாவட்டையை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன்.

"பொண்ணு விஷயம், பொண்ணே எடுக்கட்டும்" என்றார் அப்பா. அவள் குனிந்தாள். இடது பக்கம் போன கை, விளையாட்டாகவே, வலது பக்கம் போய் எடுத்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு நாரை அவிழ்த்தாள்.

சிவப்பைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு அவள் முகத்திலேயே இருந்தது. அதற்கு என்ன செய்வதென்று தெரியாத மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். நான் கோயில் மணியைப் பார்த்தேன். அம்மா குலவை போட்டாள். மிச்சப் பொட்டலத்தை யாரும் சொல்லும் முன்பே எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு ஓடினேன். கல்லைச் சேர்த்துக் கட்டி, ஆழமாகப் பார்த்து எறிந்தேன்.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல மனிதர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது எனக்கு ஒரு சாக்காகவும் இருந்தது. நல்ல இடத்தில்தானே இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவளாக எதுவும் கேட்கவில்லை. நல்லது கெட்டதுக்கு நான் போனால் சாப்பாடு போடுவாள், பேசுவாள். ஆனால் என்னோடு தனியாக ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். நான் அரியரை எழுதி முடித்தேன், பட்டம் வாங்கினேன், கே.கே. நகரில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு ரசீது போடும் புரோகிராம் எழுதினேன். எண்பதுகள் முடியப்போகும் நேரத்தில், டி.வி.யில் மாட்டி ஆடும் விளையாட்டுகளைத் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனி மெட்ராஸிலிருந்து கூப்பிட்டது. நேர்முகத்தில் மாட்டையும் பஸ்ஸையும் போட்டுக் காட்டினேன். யோசனை யாருடையது என்று அவர்கள் கேட்கவே இல்லை. வேலை கிடைத்துவிட்டது.

கிளம்பும் நாளன்று அவள் இடுப்பில் பிள்ளையோடு, ஒரு தூக்கு நிறைய அதிரசம் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா உள்ளே இருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் கூடத்தில் இருந்தோம்.

"கேம் எழுதுற வேலைதானண்ணே?"

"ஆமா."

"நீ நெனச்ச மாதிரியே ஆயிட்ட." பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ரெண்டுலயும் வெள்ளை கட்டுறேன்னியே. அப்புறம் எப்புடிண்ணே சிவப்பு வந்துச்சு?"

சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். வாசலில் ஆட்டோ நின்றது. என் பெட்டியில் புதுச் சட்டைகள் இருந்தன. வாய் இந்த முறையும் யோசிக்கவில்லை.

"கடைசி நேரத்துல பயந்துட்டேன் பிள்ள. ரெண்டாந்தடவையும் சாமிய ஏமாத்த மனசு வரல. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு, மொறையாத்தான் கட்டுனேன்."

அவள் பிள்ளையை இறக்கிவிட்டாள். முகத்தில் ஏதோ ஒரு இறுக்கம் விட்டுப்போனதை நான் பார்த்தேன்.

"அப்ப நாந்தேன் தப்பா எடுத்துட்டனா?" என்றாள். "மொதல்ல இடது பக்கம்தாண்ணே கை போச்சு. வெளையாட்டா மாத்தி எடுத்தேன். என் கைதான் கெடுத்துச்சு." சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "இம்புட்டு வருஷமா உன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டு இருந்தேன் பாரு. மனசுல வச்சுக்காதண்ணே."

வச்சுக்கல என்று சொன்னேன். அவள் அதிரசத் தூக்கை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள், வாசல் வரை வந்து நின்றாள், "போயிட்டு லெட்டர் போடுண்ணே" என்றாள். நான் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.